‘முடியாது’க்கு இடமில்லை

மாரண்டஹள்ளி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலை பார்த்த காலத்தில், விழித்திருக்கும் நேரத்தில் பாதியை ‘முடியாது’ என்று சொல்லியே கழித்தேன். சேலத்துக்கு லைன் கிடைக்குமா? கிடைக்காது. பெங்களூர் டிரங்க் கால் இன்றைக்குள் வருமா? வராது. அவசரம் அம்மா, சாவுச் செய்தி. இங்கே எல்லாருக்கும் சாவுச் செய்திதான் ஐயா, உட்காருங்கள். இப்படித்தான் பேசுவேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் மறுநாளும் வந்தார்கள், ‘நல்லாருக்கியாம்மா’ என்றும் கேட்டார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் வானம் ஒன்றும் இடிந்து தலையில் விழாது என்று எனக்குப் பழக்கத்தில் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த கணக்கு சாருக்கு அது தெரியாது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். கல்யாணம் ஆகாதவர். எப்போதும் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்த சட்டை போட்டிருப்பார். தையல்காரர் தப்பாக வெட்டிவிட்டு, “அடுத்த சட்டையும் நம்ம கடைக்கே வரோணும் சார்” என்று சொல்ல, இவர் “பாக்கலாங்க” என்றிருக்கிறார். அதனால் அப்படி இரண்டு சட்டைகள்.

‘பாக்கலாங்க’ என்றால் என்ன பொருள் என்று நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நடக்காது, வேறு வேலையைப் பார் என்று அர்த்தம். சார் வாயிலிருந்து வந்தால் மட்டும் அதற்கு வேறு மதிப்பு. கேட்டவர் இன்னொரு தடவை வந்து வாசலில் நின்றால் போதும், காரியம் ஆகிவிடும். ஊர் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. தேர்தல் சமயத்தில் எதிரெதிர்க் கட்சிக் கொடிகள் இரண்டும் அவர் வாசலிலேயே பறந்தன. ரேஷன் கடையில் எடை போடுகிறவர், மகள் பிரசவத்துக்குப் பாப்பாரப்பட்டி போய் வருகிறேன், அது வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். பிள்ளை பிறந்தது, பெயர் வைத்தார்கள், தவழவும் ஆரம்பித்துவிட்டது. ஆடு மட்டும் எங்கள் பொது வாசலிலேயே இருந்தது. போதாததற்கு அதுவும் ஒரு குட்டி போட்டது.

“வந்து ஓட்டிட்டுப் போங்கன்னு சொல்ல வேண்டியதுதானே சார்?” என்றேன்.

“சொன்னா அவங்க மனசு சங்கடப்படுங்க அக்கா.”

“என் மனசு? நேத்து காயப்போட்ட பாவாடையைத் தின்னுடுச்சு.”

“அதையும் பாக்கலாங்க,” என்றார்.

கம்ப்யூட்டரும் அந்த வழியில்தான் வந்து சேர்ந்தது. பெங்களூரில் ஏதோ தொழிற்சாலையில் இருந்த அவருடைய கூட்டாளி, வெளிநாடு போய் வந்த யாரிடமோ வாங்கி, தலையும் வாலும் புரியாமல், ‘நீ கணக்கு வாத்தியார்தானே, வெச்சுக்கடா’ என்று இவர் தலையில் கட்டிவிட்டார். டிபன் பாக்ஸ் மூடி பெரிதானால் எப்படி இருக்கும், அந்த அளவு ஒரு கறுப்புப் பெட்டி. மேலே அழிரப்பரில் செய்தது போல் எழுத்துக் கட்டைகள். அதற்குச் சொந்தமாகத் திரை கிடையாது, டி.வி.யில் மாட்ட வேண்டும். எழுதியதைச் சேமித்து வைக்கவும் இடம் கிடையாது. டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டுப் பதிய வேண்டும். டேப் ரெக்கார்டர் சாரிடம் இருந்தது. டி.வி. எங்களிடம் இருந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஷட்டர் போட்ட கறுப்பு வெள்ளை டி.வி. அவருடைய உயிர். ஆன்டெனாவைப் பெங்களூர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். பாதி நாள் திரையில் புள்ளி மழை, மீதி நாள் கன்னடம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரக் கன்னடப் படத்தைத் தவறவிட மாட்டார். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு அந்த பாஷை தெரியும். மீதியை யார் அழுகிறார்கள் என்பதை வைத்துப் புரிந்துகொள்வார். ஏதோ ஆசையில், “நம்ம டி.வி.லயே மாட்டிப் பாருங்க சார்” என்று அவர்தான் முதலில் சொன்னார். சார் வழக்கம்போல “பாக்கலாங்க” என்றார். மறுநாள் வந்து பார்த்தார். அதற்குப் பிறகு தினமும் பார்த்தார்.

அந்தப் பெட்டிக்கு ஏற்கெனவே ஒரு மொழி இருந்தது. இங்கிலீஷ் மாதிரி சுருக்கச் சுருக்கமான கட்டளைகள். ஒரு புள்ளி பிசகினாலும் ‘எர்ரர்’ என்று போட்டு நின்றுவிடும். சார் அதைப் பார்த்து முகம் சுண்டிப்போனார்.

“ஏங்க அக்கா, ஒரு பையன் கணக்கைத் தப்பாப் போட்டா, தப்புன்னு மூஞ்சில அடிச்சாப்புல சொல்லுவமா?”

“சொல்லுவோம். முட்டிலயும் ரெண்டு போடுவோம்.”

“நான் சொல்ல மாட்டேங்க.”

உண்மைதான். தப்பான விடைக்கு நேராகச் சிவப்பு மையில் ‘பார்க்கலாம்’ என்று எழுதுவார். பரீட்சைப் பேப்பரில் பக்கம் பக்கமாகப் ‘பார்க்கலாம்’ வாங்கிய பையனின் அப்பா ஒருவர், மகன் பாஸ் என்று நினைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கோடையில்தான் புது மொழி ஒன்றைத் தானே உருவாக்குவது என்று சார் தீர்மானித்தார். காரணம் பெட்டி மேல் வந்த கோபம் மட்டும் இல்லை. அவர்கள் ஊர்க் கிணறு.

பாலக்கோடு போகிற வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் அவருடையது. அங்கே மூன்று பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு, ஒரு மோட்டார். ஒரு பங்கு சாருடைய அம்மாவுக்கு, இன்னொன்று சித்தப்பாவுக்கு, மூன்றாவது பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மாவுக்கு. மூவரும் தக்காளி போட்டிருந்தார்கள். தண்ணீர் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் பகலில் மூணு பேஸ் கரெண்டு நின்று வரும் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. போன கோடையில் இந்த வெள்ளிக்கிழமைக்காகச் சித்தப்பாவும் பெரியம்மாவின் மகனும் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார்கள். இந்த வருஷம், “படிச்சவன் நீ, முறையை நீ போட்டுக் குடு” என்று இரண்டு பக்கமும் சாரிடம் வந்து நின்றார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

“மனுசன் சொன்னாத்தாங்க கோவம் வரும். மிஷினு சொன்னா யாரு மேலயும் கோவம் வராது. அவங்களே வந்து, அவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையில கேக்கட்டும். மிஷினு பதில் சொல்லட்டும். நடுவுல நான் எதுக்குங்க?” என்றார். இப்படி நிமிர்ந்து அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“உங்க சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியுமா?” என்றேன். அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

“நான் படிச்சுச் சொல்லிக்கறேங்க,” என்றார். அதில் உள்ள கோளாறு அப்போது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் லீவு. சார் காலையில் வந்து டி.வி. முன் சம்மணம் போட்டால் மத்தியானம் என் அதட்டலுக்குத்தான் எழுந்திருப்பார். பெட்டிக்குள் இருந்த பழைய மொழியிலேயே புது மொழியை எழுதினார். நாம் தட்டும் வார்த்தையை அது வாங்கி, இன்னதென்று புரிந்துகொண்டு, பெட்டிக்குத் தெரிந்த கட்டளையாக மாற்றிக் கொடுக்கும். துபாஷி வேலை என்று எனக்கு விளக்கினார். திரையில் ஒன்றை எழுதிக் காட்ட ‘சொல்லுங்க’. நம்மிடம் விடை வாங்க ‘கேளுங்க’. வேறொரு வரிக்குத் தாவ ‘போங்க’. காத்திருக்க ‘இருங்க’. முடிக்க ‘போதுங்க’.

“மிஷினுக்கு எதுக்கு சார் இத்தனை ங்க?”

“நமக்கு வேலை செய்யுதில்லீங்க அக்கா?”

அந்தப் பெட்டிக்கு ஞாபகம் ரொம்பக் குறைவு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இடம் வேண்டும். ‘ங்க’ என்று தட்டினால் இங்கிலீஷில் மூன்று எழுத்து. இடம் பற்றாமல் போனபோது சார் மற்ற எல்லாவற்றையும் வெட்டினார். வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக்கூட எடுத்தார். ‘ங்க’ மேல் மட்டும் கை வைக்கவில்லை.

சோதனை போடும் வேலை என்னுடையது. எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் முடிந்து வந்து, காப்பி குடித்துக்கொண்டே, வேண்டுமென்று தப்புத் தப்பாகத் தட்டுவேன். கூட்டச் சொல்லி எண்ணுக்குப் பதில் ‘கத்திரிக்காய்’ என்று கொடுப்பேன். இல்லாத வரிக்குப் போகச் சொல்வேன். பழைய மொழியாக இருந்தால் சீறி விழுந்திருக்கும். சாருடைய மொழி நிதானமாக ‘பாக்கலாங்க’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்தக் கட்டளையை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த மொழியில் தப்புக்கு இருந்த ஒரே பதில் அதுதான்.

“ஓரமா வெச்சதை அப்புறம் எடுக்குமா?” என்று கேட்டேன்.

“எடுக்காதுங்க. ஆனா மனசு நோகாது பாருங்க.”

ஒரு நாள் மொழி தானே ஒரு சுழலில் மாட்டிக்கொண்டது. முதல் வரி இரண்டாவதுக்குப் ‘போங்க’ என்றது, இரண்டாவது முதல் வரிக்குப் ‘போங்க’ என்றது. கல்யாண வீட்டுச் சம்பந்திகள் வாசற்படியில் நின்று நீங்க முன்னால போங்க, நீங்க போங்க என்பது போல ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்த ஒரு கட்டை இருந்தது. சார் அதைத் தொடவில்லை. “ஓடிட்டிருக்கும்போது பாதில நிறுத்தறது நல்லாருக்காதுங்களே,” என்று உட்கார்ந்திருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுக்காரர் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு படத்துக்குத் தயாராக நின்றார். படம் தொடங்கிப் பாதியாவது ஓடியிருக்கும். கடைசியில் கரெண்டு போய்த்தான் அது நின்றது. வீட்டுக்காரர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை, சாரிடம் எப்போதும்போல் பேசினார்.

மொழி முழுவதும் ஒரே கேசட்டில் இருந்தது. அதைப் பாட்டுப் பெட்டியில் போட்டால் தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல் கிறீச்சிடும். அடுத்த தெருக் கல்யாணத்தில் சவுண்டு செட் போட்டவர் வந்து, கேசட் ஏதாவது இருந்தால் கொடுங்கள் சார் என்று கேட்டிருக்கிறார். இருந்தது அந்த ஒன்றுதான். கொடுத்துவிட்டார்! பந்தலில் மாப்பிள்ளை வந்து இறங்கும் நேரத்தில், பனைமர உயரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் சாருடைய மொழி முழங்கியது. குழாய் கெட்டுவிட்டது என்று ஓர் ஆளை மரத்தில் ஏற்றினார்கள். சார் கீழே நின்று, கையைப் பிசைந்துகொண்டு, கேசட் முடியும் வரை மொய் வைக்காமல் காத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் போட்டுப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

“ஒரு எழுத்துக்கூட சாகலீங்க அக்கா!” என்று குதித்தார். அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அது வரைக்கும் வெறும் எரிச்சல்தான்.

முறை போடும் கணக்கு தயாரானதும் சித்தப்பாவை வரச் சொன்னார். கட்டையான மனுஷன், தலையில் துண்டு, பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். டி.வி. முன் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“என்ன கேக்கோணும்?”

“உங்களுக்கு எந்தக் கிழமை வேணுமின்னு கேளுங்க சித்தப்பா.”

“வெள்ளிக்கிழமை. வேற என்ன?”

சார் தட்டினார். முதலில் கேட்டது இவர் என்பதால் பெட்டி எழுதிக்கொண்டது. “சரீங்குது சித்தப்பா.” சித்தப்பா எழுந்து போனார். மத்தியானத்துக்கு மேல் பெரியம்மா வந்தார். அவருக்கும் வெள்ளிக்கிழமைதான். பெட்டி ‘பாக்கலாங்க’ என்றது. சார் அப்படியே படித்தார். பெரியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “உன்னாட்டமே பேசுது கண்ணு! வளத்தா இப்பிடி வளக்கோணும்,” என்றார். சார் ‘பாக்கலாங்க’ என்றால் நடந்த மாதிரிதான் என்று அவருக்கு இருபது வருஷ அனுபவம். பஸ் ஏறுவதற்குள் வெள்ளிக்கிழமை தனக்குத்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் கிணற்றடியில் இருந்தார்கள். இவர் மடையைத் திறக்க, அவர் அடைக்க, வார்த்தை தடித்து, கடைசியில் சித்தப்பா மோட்டார் பெட்டியைத் திறந்து ஒரு பியூஸ் கட்டையை உருவி மடியில் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார். எனக்கு இல்லாத தண்ணி யாருக்கும் இல்லை என்று அர்த்தம். பெரியம்மா விடுவாரா? அவர் இன்னொன்றை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார். மிச்சம் இருந்த ஒன்றைச் சாருடைய அம்மா எதற்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்து வீட்டில் உப்புப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்று பேஸ் மோட்டாருக்கு மூன்று பியூஸ். மூன்றும் மூன்று வீட்டில். கரெண்டு வந்தது, போனது, மறுபடி வந்தது. மோட்டார் ஓடவில்லை. தக்காளி பூத்து நின்ற சமயம். சுற்றிலும் வெயில் கொளுத்தியது.

சார் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பினார். வாசலில் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“இலையெல்லாம் தொங்கிப்போச்சுங்க அக்கா. இன்னொரு வாரம் இப்பிடியே போனா மூணு வூட்டுக்கும் பாலக்கோட்டு மண்டிக்கு ஒரு கூடை போவாது. எங்கம்மா சோத்தப் போட்டு வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.”

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. “உங்க மொழில ஒரு வார்த்தை கொறையுது சார்,” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எந்த வார்த்தை என்று கேட்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்தோம். ஒருவர் கேட்ட கிழமையை இன்னொருவர் கேட்டால், பெட்டி ‘முடியாதுங்க’ என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டுக்கு மாறிப் போக வேண்டும். சார் தட்டத் தட்ட, ஞாபகத்தில் இடம் இல்லை என்று பெட்டி நின்றுவிட்டது. எங்கெல்லாமோ சுரண்டிப் பார்த்தார். பெரியம்மா பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கினார். சித்தப்பாவையும் சுருக்கினார். அப்போதும் கொள்ளவில்லை.

“பாக்கலாங்கவை எடுத்துடுங்க. அதுக்குத்தான் ஏகப்பட்ட இடம் போகுது. எல்லா வரிலயும் வந்து உக்காந்துட்டிருக்குது,” என்றேன்.

வாசலில் கட்டியிருந்த ஆட்டை அறுக்கச் சொன்னது போல் என்னைப் பார்த்தார். “ரெண்டும் இருக்கட்டுமேங்க?”

“ரெண்டுக்கும் இடமில்ல சார். பெட்டியே சொல்லுது.”

விரலைக் கட்டைமேல் வைத்தார், எடுத்தார். “நீங்க அடிச்சுடுங்க அக்கா, உங்களுக்குப் பழக்கந்தானே,” என்று எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். நான் உட்கார்ந்து ஒவ்வொரு ‘பாக்கலாங்க’வாக அழித்து, அந்த இடத்தில் அவர் எழுதி வைத்ததை அடித்தேன். முடித்துவிட்டுக் கூப்பிட்டேன். வந்து திரையைப் பார்த்தார்.

“‘ங்க’வை வுட்டுட்டீங்களான்னு பாத்தேன்,” என்றார். விடவில்லை. ‘முடியாதுங்க’ என்று மரியாதையாகத்தான் அடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்தபோது, சார் சொல்லி அனுப்பியிருந்தபடி சித்தப்பாவும் பெரியம்மாவும் வந்துவிட்டார்கள். ஒரே பஸ்ஸில் முன் வாசலில் ஒருவர், பின் வாசலில் ஒருவர் ஏறி வந்திருக்கிறார்கள். சித்தப்பா மடியில் ஒரு பியூஸ் கட்டை, பெரியம்மா முந்தானையில் ஒன்று. சாருடைய அம்மா கொடுத்தனுப்பிய மூன்றாவதைச் சித்தப்பா மகன் வாங்கி வந்து டி.வி. மேல் வைத்தான். தன் டி.வி. மேல் உப்புக் கறை படிந்த கட்டை உட்கார்ந்திருப்பதை எங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

இந்த முறை பெரியம்மா முதலில் கேட்டார். வெள்ளிக்கிழமை. பெட்டி எழுதிக்கொண்டது. அடுத்து சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கும் வெள்ளிக்கிழமைதான். தட்டு.”

சார் தட்டினார். திரையில் வந்தது, ‘முடியாதுங்க’. கீழே வெள்ளைக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

“என்ன சொல்லுது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், சார். நடுவில் நான் எதற்கு என்று ஒரு மொழியையே உண்டாக்கினாரே, அந்த மனுஷன் சரியாக நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் படித்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நாக்கு நுனி வரைக்கும் வந்ததைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“என்னடா சொல்லுது? சரீங்குதா?”

“பா...” என்று ஆரம்பித்தார் சார். பெரியம்மா முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தார். சார் டி.வி. மேல் இருந்த பியூஸ் கட்டையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“முடியாதுங்குதுங்க சித்தப்பா.”

சித்தப்பா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

“பொட்டி கெடக்கட்டும். பொட்டியா எனக்கு அண்ணன் மவன்? நீ என்ன சொல்ற?”

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவக் கூடாது என்று பிடிவாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நானும்...” என்று நிறுத்தினார். மறுபடியும் சொன்னார். “நானும் முடியாதுன்னுதாங்க சொல்றேன். இந்த வாரம் பெரிம்மாவுக்கு. அடுத்த வாரம் உங்களுக்கு. அதுக்கடுத்த வாரம் எங்கம்மாவுக்கு.”

பெரியம்மா சிரித்துவிட்டார். சார் அவர் பக்கம் திரும்பினார். “அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க வந்து கேட்டாலும் முடியாதுங்க பெரிம்மா.” பெரியம்மாவின் சிரிப்பு நின்றது.

சித்தப்பா எழுந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று என் வீட்டுக்காரர் ஓரடி முன்னால் வைத்தார், சாருக்காகவா டி.வி.க்காகவா என்று தெரியவில்லை. சித்தப்பா மடியை அவிழ்த்துப் பியூஸ் கட்டையை எடுத்து மற்றதற்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தார்.

“இதை அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருந்தா, இன்னேரம் ஒரு தண்ணி பாஞ்சிருக்குமேடா!”

பெரியம்மாவும் முடிச்சை அவிழ்த்தார். சித்தப்பா மகன் மூன்றையும் துண்டில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். பெரியவர்கள் இருவரும் காப்பி குடித்துவிட்டு, பழைய சண்டையைப் பற்றிப் புதிதாகச் சண்டை போட்டுக்கொண்டே பின்னால் போனார்கள்.

சார் அப்படியே உட்கார்ந்திருந்தார். “ஒண்ணும் ஆவலீங்க அக்கா,” என்றார், நம்ப முடியாதவராக. “அவங்க நல்லாத்தான் போறாங்க.”

“நான் தினமும் பாக்கறதுதான் சார்,” என்றேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அன்று சாயந்திரம் வீட்டுக்காரர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்தார். வாசலில் ரேஷன் கடைக்காரர் குரல் கேட்டது. பேத்திக்குக் காது குத்தப் பாப்பாரப்பட்டி போக வேண்டுமாம். ஆடு இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் சார் என்றார். நான் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சுவர் ஓரம் போய் நின்றேன். வீட்டுக்காரரும் படத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்.



“முடியாதுங்க,” என்றார் சார்.

நாங்கள் இருவரும் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. ஆடு கத்தியது.

“குட்டியை வேணா வுட்டுட்டுப் போங்க,” என்றார் சார்.